ஜீவானந்தத்தின் நுரைக் கோப்பை

ஷிப்டு முடிந்து வந்ததும் ஜீவானந்தம் ஷூவைக் கழற்ற மாட்டார். தோளில் பையோடு நேராக மீன் தொட்டிக்குப் போய், முட்டியில் கையூன்றிக் குனிந்து, மூலையில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கோப்பையை உற்றுப் பார்ப்பார். அது காலியாக இருக்கும். “நாளைக்கு வரும் பாரு” என்று மீனிடம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஷூ.

அந்தக் கோப்பை புரோட்டீன் ஸ்கிம்மர் என்கிற மெஷினின் தலை. கீழே மோட்டார் ஓடிப் பொடிப் பொடியாகக் குமிழி விடும். மீனின் கழிவெல்லாம் குமிழியில் ஒட்டி, நுரையாக ஏறிக் கோப்பையில் விழும். அதைக் கொட்டிவிட்டால் தண்ணீர் சுத்தம். ஆனால் இது கடல் மீன் தொட்டிக்கு ஆனது. உப்புத் தண்ணீரில்தான் குமிழி சின்னதாக நின்று நுரை கட்டும். ஜீவானந்தம் வீட்டுத் தொட்டியில் இருப்பது உப்பில்லாத போர்வெல் தண்ணீர். குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடுகிறது. கொளத்தூர்க் கடைக்காரர் வாங்கும்போதே சொன்னாராம். இவர் கேட்கவில்லை.

“தண்ணி எதுவா இருந்தா இன்னா? எங்க கம்பெனில ஆயில் கலந்த தண்ணில காத்த வுட்டா அழுக்கு தன்னால மேல வருது. டெய்லி நான்தான் வழிச்சிப் போடறேன். எனக்கே சொல்லித் தர்றான்.”

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடத்தில் அவருக்கு வேலை. அதனால் எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் எந்தத் தண்ணீரையும் அவர் சும்மா விடுவதில்லை. மழைக்குத் தெருவில் தேங்கிய குட்டையைக் கூட நின்று பார்த்து, “அழுக்கு இன்னும் அடில செட்டில் ஆவல” என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார்.

தொட்டியில் இருப்பது ஒரே மீன். நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன். பெயர் சூப்பர்வைசர். “எங்க போனாலும் கண்ணாடி பின்னாலயே வந்து பாக்குது. ஒரு வேலையும் செய்யாது. வேற இன்னா பேரு வெக்கறது?”

இதற்கு முன்னால் இருந்த மீன், அவர் விடாமல் ஓவர்டைம் பார்த்த ஒரு வாரத்தில் தண்ணீர் கெட்டுச் செத்துப்போனது. அப்போது மனுஷன் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று அவர் மனைவி லீலா சொல்வாள். இதையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் அந்த மெஷினை வாங்கினார்.

நான் பக்கத்து வீடு. என் பேத்தி ஜோவிதா பிறந்ததிலிருந்து, அவள் சிணுங்கினால் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். குமிழியைப் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு அழுகையை மறந்துவிடுவாள். அவள் வாய் பிளப்பதை ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலும் எனக்குப் போதாது. இத்தனை வருஷம் என்னை அண்ணே என்ற ஜீவானந்தம் இப்போது தாத்தா என்கிறார்.

“வா தாத்தா. மெஷினு எதுக்குன்னு கேட்டியே லீலா, தோ பாரு, கஸ்டமர் வந்துகீறாங்க.”

“ஒரு கிலுகிலுப்ப வாங்கியிருந்தா கரண்டு பில்லாவது மிஞ்சியிருக்கும்” என்பாள் லீலா.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கோப்பையில் வெள்ளை வெளேரென்று நுரை, தளும்பி வழிகிறது.

“பாத்தியா தாத்தா. எவனெவன் சிரிச்சானோ எல்லாரையும் கூப்புடு.” கொளத்தூர்க்காரருக்கு அனுப்பப் போனில் படம் பிடித்தார்.

லீலாவுக்கும் பெருமை. “மத்தியானம் நான்தான் முழுசா கழட்டிக் கழுவி மாட்டனேன். பாசி புடிச்சிகினு கெடந்துது. அதான் வேலை செய்யுது.”

போனைப் பிடித்த கை அப்படியே நின்றது. “எதுல கழுவின?”

“பாத்திரம் வெளக்கற லிக்விட்ல.”

நுரையைத் தொட்டு விரலில் தேய்த்தார். வழுக்கியது. எலுமிச்சை வாசம் எனக்கே அடித்தது. அப்போதுதான் மூன்று பேரும் மீனைப் பார்த்தோம். மேலே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது.

“டிரம்முல தண்ணி கீதா?” என்று லீலாவைக் கேட்டுக்கொண்டே டியூபைத் தொட்டியில் விட்டு வாயால் உறிஞ்சினார். வாய்க்குள் போன சோப்புத் தண்ணீரைத் துப்பினார். பாதித் தண்ணீர் வெளியே போனதும் லீலா டிரம் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். மறுபடி பாதி வெளியே, மறுபடி பாதி உள்ளே. நான் பேத்தியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் மெஷின் ஸ்விட்சை அணைக்கப் போனேன்.

“அத நிறுத்தாத தாத்தா. சோப்பத்தான் இழுத்து வெளிய தள்ளுது. வாங்கினதுலேந்து இன்னிக்குத்தான் டூட்டி பாக்குது.”

கோப்பை நிரம்ப நிரம்பக் கழற்றிக் கொட்டிக்கொண்டிருந்தார். விளக்குப் போடுகிற நேரத்துக்கு நுரை அடங்கியது. சூப்பர்வைசர் செவுளை நிதானமாக அசைத்துக்கொண்டு அடியில் இறங்கியது. சட்டை முழுக்க நனைந்து அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லீலா தொட்டிக்கு எட்டவே நின்றாள். கையை முந்தானையில் சுருட்டி வைத்திருந்தாள். “இனிமே அது கிட்டயே வரமாட்டேம்பா.”

“இங்க வா.”

“வேணாம். என் கையே ஆவாது.”

அவர் எழுந்து போய் முந்தானையிலிருந்து அவள் கையை எடுத்தார். சொம்பில் டிரம் தண்ணீர் மொண்டு, ஒவ்வொரு விரலிடுக்கிலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு மீன் தீனியில் ஒரு உருண்டையை அவள் உள்ளங்கையில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினார்.