தூரம் இழுக்கும் கேமரா

என் பழைய சின்ன கேமராவில் ஜூம் குறைவு. ஆனால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். என் மனைவியின் தம்பி வாங்கியிருந்த புதியது வெகுதூரம் இழுக்கும்; வெளிச்சம் குறைந்தால் படம் கலங்கிவிடும். மாற்றலாமா என்று பார்க்க, அதோடும் அவனோடும் பிச்சாவரத்தில் படகேறினேன். போகும்போதே அவன் சிதம்பரத்தில் வாங்கிய பிரியாணியைத் தின்றுவிட்டு, கவரைத் தண்ணீரில் வீசினான். அதட்டினேன், சிரித்தான்.

திரும்பும்போது தூரத்தில் ஒரு கொக்கு எதையோ கொத்திக்கொண்டிருந்தது. ஜூமை முழுக்க இழுத்துப் படமெடுத்தேன். அலகில் எண்ணெய் வழியும் அதே கவர். கேமராவைக் கீழே இறக்கினேன்.

அவன் திரையை எட்டிப் பார்த்துக் குதித்தான். “கடை பேரு கூட படிக்க முடியுது பாருங்க மாமா! கண்ண மூடிக்கிட்டு இதையே வாங்கிடுங்க.”

பழைய கேமராவையே வைத்துக்கொண்டேன். மச்சானை மாற்றத்தான் வழியில்லை.