ஜப்பான் துரையின் வலது முழங்கை

ஜப்பான்காரர்கள் மலாயாவுக்கு வந்த மறு வருடம் என் சவரக் கத்தி தேய்ந்துபோனது. புதுக் கத்தி எங்கேயும் கிடைக்கவில்லை. லாயாங் லாயாங் ரயிலடிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முடி வெட்டுகிறவன் நான் ஒருவன்தான். அங்கே பால் வெட்டு நின்றுபோய், ரப்பர் மரங்களைச் சாய்த்து மரவள்ளி போடச் சொன்னார்கள். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவர்களுக்குக் கை வீங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. முடி வெட்டி முடித்ததும் தோளைப் பிடித்துவிடுவது எங்கள் தொழிலோடு சேர்ந்தது. அதனால் கத்தியைக் கட்டி வைத்துவிட்டுக் கை பிடித்துவிட ஆரம்பித்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. செம்பனை எண்ணெய் இரண்டு சொட்டு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டைவிரலால் மெதுவாக ஏற்றிக்கொண்டு போனால், ஓரிடத்தில் தசை முடிச்சு போட்ட கயிறு மாதிரி நிற்கும். ஆள் மூச்சை இழுப்பான். அவன் மூச்சை விடும்வரை அங்கேயே அழுத்தி, பிறகு குறுக்கே தேய்க்க வேண்டும். கடைசியில் சூட்டு மணல் ஒத்தடம். சில நாள் கைக்கு வேலை கொடுக்காதே என்று எல்லாரிடமும் சொல்வேன். மறுநாள் காலையில் எல்லாரும் மண்வெட்டியோடு போவார்கள்.

ஒரு மத்தியானம் தோட்டத்துக் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கணக்கு எழுதுகிற தமிழர். தோட்டத்தை நடத்துகிற ஜப்பான் துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுகிறவரும் அவரே. வாசலிலேயே நிறுத்தி, "துரைக்குக் கை வலிக்குதாம். எதனாலன்னு மட்டும் கேட்டுறாத," என்றார்.

கேட்கத் தேவையில்லை. அந்த ஜப்பான் துரை தினமும் காலைப் பெரட்டில், வேலைக்கு முன் பேர் கூப்பிடும்போது, ஆட்களை வரிசையாக நிறுத்தி அறைவார். குனிந்து வணங்கியது போதவில்லை என்றால் ஒன்று, தாமதமாகக் குனிந்தால் இரண்டு. எல்லாம் வலது கையால்.

துரையின் முழங்கையில் வெளிப்பக்க எலும்புக்குக் கீழே விரலை வைத்தேன். மண்வெட்டிக்காரர்களுக்கு வலிக்கிற அதே இடம். அவர் மூச்சை இழுக்கவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. பிடித்து முடித்ததும் "பெராப்பா ஹாரி?" என்று மலாயில் கேட்டார். எத்தனை நாளாகும் என்கிறார். புது வலி, ஐந்து நாள் போதும். நான் பத்து என்றேன்.

"இந்தக் கைய வீசக் கூடாது, ஓங்கக் கூடாதுன்னு சொல்லுங்கய்யா."

ஓங்குவது என்ற சொல்லை மொழிபெயர்க்கக் கிராணிக்கு நேரம் பிடித்தது. துரை ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். கட்டளை என்றால் மதிக்கிற மனிதர்.

அன்றிலிருந்து வலது கையை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு நடந்தார். சத்தம் போட்டார், அறையவில்லை. முதல் இரண்டு நாள் பெரட்டில் நின்றவர்கள் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வீட்டில் என் மனைவி, "துரை கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். தேறி வருகிறது என்றேன்.

"மெதுவா தேறட்டுங்க," என்றாள்.

ஆனால் தினமும் போய்ப் பிடிக்கும்போது என்னால் குறைத்துப் பிடிக்க முடியவில்லை. விரலுக்கு ஒரே விதமாகத்தான் வேலை செய்யத் தெரியும். பத்தாம் நாள் முடிச்சு கரைந்திருந்தது. தோட்டத்தில் ஓய்வெடுத்த கை அது ஒன்றுதான். குணமானதும் அது ஒன்றுதான். இன்னும் பத்து நாள் என்றேன். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டுபோன ஆட்களில் ஒருவரும் திரும்பவில்லை. பொய் தெரிந்தால் எனக்கும் அதே வழி. துரை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

பதினாறாம் நாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வலிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அறை வாங்கத் தயாராகத்தான் போனேன். சொன்ன நாளுக்கு முன்னமே குணமாகிவிட்டதாம்; அவர் தலையைச் சற்றுத் தாழ்த்தி, அப்போது எங்கும் கிடைக்காத ஒரு சவர்க்காரக் கட்டியை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் பெரட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் அடி வாங்கினார். சாயங்காலம் மண்வெட்டி வலிக்காக வழக்கம்போல என்னிடம் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். கன்னம் வீங்கியிருந்தது.

"நல்லாத்தான் குணமாக்கியிருக்க," என்றார்.

அவர் கையைப் பிடித்துவிட்டேன். துரை மறுபடி கூப்பிட்டால் போகக் கூடாது என்று மனைவி சொன்னாள். கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும் என்றேன். அவர் கூப்பிடவில்லை. மழைக்கு முன்னால் அவரைப் பத்து பகாட் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.