ஸ்வீட்டிக்கு உப்பு ஆகாது

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரர்கள் போன மாதம் ஒரு நாய்க்குட்டி வாங்கினார்கள். முழுதாக வளர்ந்தாலும் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்குமாம். வாங்கிய அன்றே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், சின்ன ஜாதி நாய்க்கு எந்தச் சாப்பாடு நல்லது என்று கேட்டிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை என்று எழுதினால் ஒருவரும் எட்டிப் பார்க்காத குழு அது. அன்றைக்கு ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். பாக்கெட் தீவனம்தான் சரி என்றார் ஒருவர். அதற்குப் பேசாமல் விஷத்தைப் போடலாம் என்றார் இன்னொருவர். நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் எனக்கு எட்டு வயதிலிருந்தே மனப்பாடம். எழுதத்தான் கை வரவில்லை.

அப்போது நாங்கள் திருச்செங்கோட்டில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் இரண்டு வைத்திருந்தார். அதில் ஒன்றில்தான் அப்பா வேலை பார்த்தார். ஆந்திரா, கர்நாடகா என்று ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் துளைக்கிற இரும்பு ராடை மாற்றும்போது வலது கை நசுங்கிவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. மாமாதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார், மாமாதான் எங்கள் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லித் தன் வீட்டுக்கே கூட்டி வந்தார். "நானிருக்கறப்ப நீ எதுக்குச் சாமி வெசனப்படறே" என்று அம்மாவிடம் சொன்னார். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. ஊர் அப்படிச் சொல்லாமல் போய்விடக் கூடாது என்பதில் அவரும் கவனமாக இருந்தார்.

அம்மா வந்த அன்றே அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பாவுக்கு என்ன வேலை கொடுப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் அப்பா படியேறினால் மாமா எழுந்து நின்று "வாங்க மாப்ள" என்பார். ஒரே வீட்டில் இருக்கிறவரை எத்தனை முறை எழுந்து நின்று வரவேற்க முடியும்? அப்பா காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். மாலையிலும் விட்டார். இரண்டு செம்பருத்தி அழுகிப்போயின. அந்தச் சமயத்தில்தான் ஸ்வீட்டி வந்து சேர்ந்தது.

வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன். மாமாவின் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் அத்தைக்குப் பொழுது போகவில்லை என்று வாங்கியது. அதற்கு என்ன போடுவது என்பதில் வீடே இரண்டுபட்டது. அத்தை பாலில் பிஸ்கட் ஊறவைத்தார். நாமக்கல் பக்கத்தில் குடியிருந்துகொண்டு முட்டை போடாவிட்டால் எப்படி என்று மாமா தினம் இரண்டு முட்டை உடைத்து ஊற்றச் சொன்னார். கடையிலிருந்து ஒரு தீவனப் பொட்டலமும் வந்தது. அட்டைப் படத்தில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் நின்றது. உள்ளே இருந்த உருண்டைகளும் அந்த நாயின் வாய்க்குச் செய்தவைதான். ஸ்வீட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்தது. இரண்டு மாதத்தில் அதற்கு வயிறு ஊதி, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பார்க்கச் சகிக்கவில்லை.

அப்பாதான் அதைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார். கூடைக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை என்று நானும் போனேன். சூரமங்கலத்தில் ஒரு நாய் டாக்டரம்மா இருந்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கு அப்பா பதில் சொன்ன விதத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எப்போது தின்றது, என்ன நிறத்தில் போனது, எந்தப் பக்கம் சொறிகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சின்ன நாய்க்கு வயிறும் சின்னது, ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சங் கொஞ்சமாக நாலு வேளை போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஈரல், எலும்பில்லாத கோழிக்கறி, குழைந்த சோறு, கேரட், பூசணி. வெங்காயம் கூடாது. எலும்பு கூடவே கூடாது. "உப்பு மட்டும் ஒரு கல்லுகூட வேண்டாங்க. இத்தனூண்டு உடம்பு தாங்காது" என்றார். அப்பா எல்லாவற்றையும் இடது கையால் எழுதிக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். என் எழுத்து அதைவிட அழகாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அன்றிலிருந்து வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நாய்க்கென்று ஒரு சின்ன கேஸ் அடுப்பும் ஒரு சட்டியும் வந்துவிட்டன. அப்பா ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்குவார். இரண்டு விரல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் நறுக்குவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். தினமும் காலையில் ஸ்வீட்டி வெளிக்குப் போய்விட்டு வந்த இடத்தை உட்கார்ந்து பார்த்து, அன்றைக்குப் பூசணியைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். மூன்றே மாதத்தில் ஸ்வீட்டிக்குப் பஞ்சு மாதிரி முடி வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள், நாய்க்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எத்தனை அடியில் மண், எத்தனை அடியில் பாறை என்று முன்பு சொல்வாரே, அதே குரலில் அப்பா அவர்களுக்கு விளக்குவார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் நிமிர்ந்து நிற்பார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருடம்தான் அப்பாவுக்கு அடிக்கடி தலை சுற்றியது. ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு என்றார்கள். உப்பை அடியோடு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், ஆளே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நாலு வருடம் கழித்து அவர் சொன்னபடியேதான் அப்பா போனார்.

குழம்பில் உப்புப் போடும் முன் ஒரு கரண்டி எடுத்து அப்பாவுக்குத் தனியாகக் கொதிக்கவைத்துக் கொள்ளட்டுமா என்று அம்மா அத்தையிடம் கேட்டாள். ரிக் ஆட்களுக்கும் சேர்த்து அண்டாவில் பொங்குகிற வீடு அது. "ஒரு ஆளுக்கோசரம் தனி அடுப்பு எரிக்க முடியுமா சாமி? எல்லாருக்கும் வெக்கறதையே கொஞ்சமாத் திங்கச் சொல்லு" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை, நியாயம் பேசுவதுபோலத்தான் சொன்னார். பின்னால் ஒரு நாய்க்குத் தனி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்கு வந்திருக்கும். ஆனால் பிறந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவள் அவள்.

அப்பா யாரையும் கேட்கவில்லை. நாய்ச் சட்டியில் ஒரு பிடி அரிசியைக் கூடப் போட்டார், அவ்வளவுதான். வெந்ததும் தன் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஸ்பூனால் தின்பார். கை அப்படி ஆனதிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் சாப்பிட அவருக்குக் கூச்சம். அதனால் கூடத்துப் பந்தியில் அவரைக் காணோமே என்று யாரும் தேடவும் இல்லை. ஒருநாள் நானும் ஒரு வாய் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்படியே துப்பிவிட்டேன். அப்பா சிரித்தார். "நாலு நாளைக்குத்தான் கண்ணு. பொறவு நாக்கு மறந்துரும்" என்றார். அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. அந்த வாக்கை இன்றுவரை நான் மீறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தை மாதத்தில் மாமா மூன்றாவது ரிக் வாங்கினார். பூஜை போட்டு, கிடா வெட்டி, வீட்டு வாசலில் சாமியானா கட்டி விருந்து வைத்தார். சொந்தக்காரர்களும் ரிக் முதலாளிகளுமாக ஊரே வந்திருந்தது. அப்பா ஸ்வீட்டியைப் பின்னால் கட்டி வைத்துவிட்டு, எலும்பு போட்டுவிடாதீர்கள் என்று பந்தியில் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அன்றைக்கு மனசு பொங்கிக்கொண்டிருந்தது. நாயை அவிழ்த்துவரச் சொல்லி, பெரிய மனிதர்களுக்கு நடுவில் மடியில் வைத்துக்கொண்டார். தன் இலையிலிருந்து குழம்பு சொட்டச் சொட்ட ஒரு நெஞ்செலும்பை எடுத்து நீட்டினார். "மச்சான், எலும்பு வேண்டாங்க. அதுக்கு ஆகாதுங்க" என்று அப்பா ஓடிவந்தார். "நம்மூட்டு நாய்க்குக் கெடாக்கறி இல்லீன்னா நாளைக்கு ஊரு சிரிக்கும் போங்க" என்று மாமா கையை வீசினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்வீட்டிக்கு என்ன தெரியும், வாலை ஆட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டது.

பாயசம் வருவதற்குள் அதற்கு மூச்சுத் திணறியது. மாமாவின் வெள்ளை வேட்டி முழுக்க வாந்தி எடுத்துவிட்டுக் கீழே விழுந்து துடித்தது. அப்பா அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கை விரல்களைத் தொண்டைக்குள் விட்டு எலும்புத் துண்டை வெளியே எடுத்தார். விரலெல்லாம் ரத்தம். நாய் பிழைத்துவிட்டது. நல்லவேளை என்று யாராவது சொல்வார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் எல்லோரும் மாமாவின் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலும்பைப் போட்டது யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேருக்கும் தெரிகிறது என்பது மாமாவுக்கும் தெரியும். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஏனுங் மாப்ள, இந்த ஊட்டுல உங்களுக்குன்னு இருக்கறது ஒரே ஒரு வேலை. நாய்க்குச் சோறு போடற வேலை. அதைக்கூட ஒழுங்காப் பாக்க முடியலீன்னா, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறீங்களா?"

எங்கள் பக்கத்தில் செருப்பால் அடிப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரும் பதில் சொன்னதில்லை. பதில் வேண்டி யாரும் கேட்டதும் இல்லை. எட்டு வயதில் எனக்கு அது தெரியாது. உப்பு என்றால் டாக்டர்கள் வேண்டாம் என்கிற ஒரு சாமான், அவ்வளவுதான் நான் அறிந்தது. நாய் வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு மாமா அக்கறையாக விசாரிக்கிறார் என்றே நினைத்தேன். அப்பாவோ தலையைக் குனிந்துகொண்டு நாயைத் தடவிக்கொண்டிருந்தார். நல்ல பதில் கைவசம் இருக்கும்போது ஏன் சும்மா இருக்கிறார் என்று எனக்குத் தவிப்பாகிவிட்டது. அத்தையிடம்தானே சொல்லக் கூடாது? கேட்பது மாமா. பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"இல்லீங் மாமா. எங்கப்பா உப்பே போடறதில்லீங். ஸ்வீட்டிக்கு ஆக்கற சட்டியிலதான் அப்பாவும் திங்கறாங்க."

முதலில் எங்கேயோ ஒருவர் சிரித்தார். அப்புறம் சாமியானா முழுக்கச் சிரிப்பு. ஒரு ரிக் முதலாளிக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் அவர் தலையில் தட்டினார். மாமாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "கெட்டிக்காரி. பொய் சொல்லத் தெரியாத புள்ளை" என்று என்னைப் பக்கத்தில் இழுத்து ஒரு லட்டை வாயில் திணித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். நன்றாகப் பார்த்தேன், சிரித்தார். அம்மா மட்டும் குழம்பு வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாளி கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பந்தியில் அப்பா வந்து உட்கார்ந்தார். ஓரத்தில் இல்லை, எல்லோரும் பார்க்கும்படி நடுவில். அவருக்கு இலை போட்டார்கள். ஸ்பூன் கேட்கவில்லை. அந்த இரண்டு விரல்களாலேயே சோற்றைப் பிசைந்தார். பாதி வழிந்தது, மறுபடி அள்ளினார். இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பு முழுவதையும் குழம்புச் சோற்றில் கலந்துவிட்டு, இன்னும் உப்பு வேண்டும் என்றார். நான் ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தேன். அதற்குள் அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது. அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "உடு, புள்ளை வெக்கட்டும்" என்றார். அம்மா கையை எடுத்துவிட்டாள். நான் ஒரு கை அள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு வேளைகூட அந்தச் சட்டியில் தின்னவில்லை. ஸ்வீட்டிக்கு மட்டும் அதே ஈரல், அதே பூசணி, அதே உப்பில்லாச் சோறு. அது பதினொரு வருடம் நோய் நொடியில்லாமல் இருந்தது. அப்பா கூடத்தில் எங்களோடு பந்தியில் உட்கார்ந்தார். ஊறுகாய், கருவாடு, அப்பளம், எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட உப்பு பற்றாதென்று மேலும் கேட்டு வாங்கினார். அம்மா இரண்டு மாதம் அழுதாள், பிறகு அழுவதை விட்டுவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். நாய்ச் சோறு தின்ற அப்பா எங்களோடு உட்கார்ந்து நல்ல சோறு தின்கிறாரே. அவர் தட்டுக்கு உப்பு வைக்கிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.