தாய்மாமன் சீரும் ஒன்றரை டன் குளிரும்

“தாய்மாமன் வச்ச சீரு மழைத்தண்ணி மாதிரிலே. கீழதான் விழுகும், மேல ஏறாது. நான் வச்ச சீருல ஒரு கரண்டி திரும்பி எங்க வீட்டு வாசப்படி ஏறட்டும், அன்னைக்கு நான் இருளப்பசாமி இல்ல!”

எம்.ரெட்டியபட்டி இருளப்பசாமி இதைத் தங்கை ஊரான மல்லாங்கிணற்றில், மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். தங்கை சுமதியின் மகள் சுகப்பிரியா பெரியவளான சடங்கு. பின்னால் குட்டி லாரியில் தட்டுத் தட்டாகச் சீர். எல்லாவற்றுக்கும் முன்னால், கழுத்து இல்லாவிட்டாலும் ரோஜா மாலை போட்டுக்கொண்டு, ஒன்றரை டன் ஏசி ஒன்று அட்டைப்பெட்டியில் வீற்றிருந்தது. எண்ணூறு அடி போர் போட்டும் காற்று மட்டுமே வந்த பூமியிலிருந்து ஒரு மனிதன் குளிரை லாரியில் ஏற்றி வருகிறான் என்றால் சும்மாவா? அந்த வருசப் பருத்திக் காசு முழுவதும் அதில் இருந்தது. போதாத குறைக்கு அவர் மனைவி ராக்கம்மாளின் இரண்டு வளையலும் இருந்தன. வளையலைக் கழற்றும்போது அவள் சொன்னது ஒரே வார்த்தை: “சரிங்க.”

சீர் முறைமை எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறது. யார் முன்னால் நடப்பது, எத்தனை தட்டு, எந்தத் தட்டில் தேங்காய், எல்லாம் உண்டு. ஏசியை யார் மாட்டுவது என்பதற்கு மட்டும் விதி இல்லை. செம்புக் குழாய், வெளியே நிறுத்த ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், தனி வயரிங், மாட்டுக்கூலி என்று பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார்கள். மச்சானிடம் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று சுமதியின் கணவர் சங்கரபாண்டியன் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்தால் மாப்பிள்ளைக்கு வக்கில்லை என்று ஆகிவிடும் என்று இருளப்பசாமி கொடுக்கவில்லை. இப்படி இரு வீட்டு மானமும் பழுதில்லாமல் காப்பாற்றப்பட்டது. பெட்டி பிரிபடாமல் நாலு வருசம் கிடந்தது. மேலே பூப்போட்ட பெட்ஷீட், அதற்கு மேலே மடித்த சேலைகள். கம்பெனி கொடுத்த ஒரு வருச வாரண்டி, ஒரு நாள்கூட ஓடாத அந்த இயந்திரத்தைத் தன் கடமை தவறாமல் காத்துவிட்டு ஓய்வு பெற்றது.

இதற்கிடையில் போன மாசியில் ராக்கம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு பாதி போயிற்று. மதுரையில் இருபது நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கையிருப்பும் அந்த இருபது நாளோடு போயிற்று. இருளப்பசாமியின் வீடு தளம் போட்டது. ஊரில் முதல் தளவீடு என்ற பெருமை உண்டு. சித்திரை மாசம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பெருமைக்குக் கீழே படுத்துக் கிடந்தாள் ராக்கம்மாள். முதுகில் படுக்கைப்புண் வந்தது.

வாரம் ஒருமுறை புண் கட்ட வரும் நர்ஸ் அருஞ்சுனை ஒளிவுமறைவு இல்லாதவள்.

“ஐயா, நான் கட்டிட்டு அந்தப் பக்கம் போறேன், இந்தப் பக்கம் வேர்வையில ஊறிப்போகுது. புண்ணு ஆறணும்னா ரூமு குளுந்து இருக்கணும். பேன் காத்து அடுப்புல ஊதுற மாதிரில்ல அடிக்குது!”

புது ஏசிக்கு வழியில்லை. அருப்புக்கோட்டையில் மெக்கானிக் ராஜகுரு பதினாலாயிரத்துக்குப் பழசு ஒன்று பிடித்துக் கொடுத்தான். மூன்று நாள் குளிர்ந்தது. நாலாம் நாள் பேன் மாதிரி ஊதியது.

“கேஸு எறங்கிருச்சு அண்ணாச்சி” என்றான் ராஜகுரு. மூவாயிரம். ஒரு வாரத்தில் மறுபடி இறங்கியது. ஓட்டை வேறு இடத்தில் இருந்ததாம். ஓட்டையை அடைத்ததும் கம்ப்ரசர் நின்றது.

“ஏலே, போன வாரம் இது சிங்கம்னு சொன்ன!”

“சிங்கந்தான் அண்ணாச்சி. வயசான சிங்கம். நம்ம ஊரு கரண்டு வேற பாதிதான் வருது. கம்ப்ரசர் மாத்துனா பத்தாயிரம் ஆகும். நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதிய, மாத்தாதிய.”

செய்தி கேட்டு சுமதி பஸ் ஏறி வந்தாள். மதினியின் முதுகைப் பார்த்துவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னாள்.

“அண்ணே, எங்க வீட்டுல அந்தப் பொட்டி சும்மாதான கெடக்கு. எடுத்துட்டு வந்து மதினிக்கு மாட்டுண்ணே.”

இருளப்பசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சீரைத் திருப்பிக் குடுக்கிறியாக்கும்? நாளைக்கு உன் மகளுக்குக் கல்யாணம்னா தாய்மாமன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் முன்னால நிப்பேன்? பேசாமப் போ தாயி.”

சுமதி பேசாமல் போனாள். முறைமை அன்றும் வென்றது.

அடுத்த ஒரு மாதம் இருளப்பசாமி குளிர்ச்சியை உண்டாக்கப் பாடுபட்டார். தளத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் தீர்ந்தபோது லோடு வண்டியில் வாங்கித் தெளித்தார். சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். கை ஓய்ந்தால் மறு கையால் விசிறினார். புண் மட்டும் தன் போக்கில் அகன்றுகொண்டு போனது. அருஞ்சுனை திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வைகாசியில் ஒரு மத்தியானம் ராக்கம்மாள் இடது கையால் விசிறியைப் பிடித்து நிறுத்தினாள். குழறிய வாயால் சொன்னாள்.

“போதுங்க. ஒங்களுக்குக் கை வலிக்கும்.”

இருளப்பசாமி எழுந்தார். பக்கத்து வீட்டு முத்துத்தாயை அவளுக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு மல்லாங்கிணற்றுக்குப் போனார்.

தங்கை வீட்டில் தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“சுமதி, அதைக் குடு தாயி.”

சுமதி சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். சங்கரபாண்டியன்தான் சுமை ஆட்டோ பிடித்து வந்தார். பெட்டிமேல் தார்ப்பாயைப் போட்டு, அதைச் சுற்றி நாலு சாக்கு மக்காச்சோளத்தையும் அடுக்கினார்.

“யாருக்கும் தெரிய வேணாம் மச்சான். நாங்க மூச்சு விட மாட்டோம்.”

அன்று சாயங்காலமே ராஜகுரு வந்து மாட்டினான். பழசுக்குப் போட்ட வயரிங்கும் ஸ்டெபிலைசரும் இருந்ததால் குழாய்க்கும் ஸ்டாண்டுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டான், கூலி வேண்டாம் என்றுவிட்டான். அறை குளிர்ந்தது. ராக்கம்மாள் இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் போர்வை கேட்டாள். இருளப்பசாமி போர்த்திவிட்டார்.

அந்தக் குளிரில் அவள் பதினோரு நாள் இருந்தாள். புண்ணின் விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

துட்டி விசாரிக்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பங்காளி தங்கபாண்டி, நாலு பேர் கேட்கும் இடத்தில் புகழ்ச்சியைத் தொடங்கினார்.

“நம்ம பக்கத்துல எவன்யா செய்வான்? தங்கச்சி மகளுக்கும் ஏசி வச்சாரு. படுத்துக் கெடந்த பொண்டாட்டிக்கும் புது ஏசி வாங்கிப் போட்டுட்டாருல்ல!”

கூட்டம் தலையாட்டியது. பந்தல் ஓரம் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டியன் குனிந்து தரையைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் சுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இருவரும் சொன்ன சொல் தவறவில்லை.

“புதுசு வாங்கல” என்றார் இருளப்பசாமி.

“என்னண்ணே?” என்றார் தங்கபாண்டி.

“சுமதி மகளுக்கு வச்ச சீருதான் அது. நானே போயிக் கேட்டுத் திருப்பி எடுத்துட்டு வந்தேன்.”

தங்கபாண்டி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

“ஒரு மாசம் முந்தியே போயிருக்கணும்” என்றார் இருளப்பசாமி.