ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் கேட்டவள்

சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் எஸ்தர், கரையான்சாவடி. மைக்கைப் பிடித்தால் எனக்கு அழுகைதான் வரும், அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

போன ஜூன் மாதம் நான் ரொம்பவே சோர்ந்து போயிருந்தேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே போய் இரண்டு வாரம் பாடம் சொல்லிக் கொடுக்கவும், வேண்டிய சாமான்களைக் கொண்டு போகவும் நம் பெண்கள் ஐக்கியத்தில் முடிவு செய்தோம். ஆரம்பத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். போகப் போக ஒருத்திக்கு மகள் பிரசவம், ஒருத்திக்கு வீடு மாற்றம். கடைசியில் நானும் என் முழங்கால் வலியும்தான் மிச்சம். நன்கொடையாக வந்ததில் பாதி, ஜிப் போன பைகளும் காய்ந்த ஸ்கெட்ச் பேனாக்களும். அதைப் பிரித்துப் பிரித்தே இடுப்பு விட்டுப் போனது.

வீட்டுக்காரர் வேறு, "நம்ம தெருப் பசங்களுக்கே துணி இல்லாம கீது. நீ இன்னாத்துக்கு ஃபிளைட் ஏறிப் போயி குடுக்கணும்?" என்றார். நான் பைகளைப் பிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாகப் பெட்டிகளை அடுக்கி, போட்டோ எடுத்து அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு அனுப்பினேன். எல்லாம் அரைக்கைக் காட்டன் சட்டைகள், மெல்லிய கவுன்கள், தண்ணீர் பாட்டில்கள். உடனே போன் வந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இங்க மழையும் குளிரும். காலையில புள்ளைங்களுக்கு விரலு மரத்துப்போயி பென்சில் புடிக்க முடியல. கம்பளிச் சட்டை ஏதும் கெடச்சா கொண்டாங்க."

எங்களில் ஒருத்திக்குக்கூட இது தோன்றவில்லை. பூந்தமல்லி வெயிலில் கிடக்கிற நமக்குக் குளிர் என்றால் ஃபேனை ஒரு நம்பர் குறைப்பது, அவ்வளவுதான். கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். புறப்பட ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் சிரித்தே விட்டார். "ஜூன்ல ஸ்வெட்டரா? இன்னாக்கா, வெயில் மண்டைக்கு ஏறிச்சா?"

பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தேன். கண்ணீர் கொட்டியது. எனக்கு நீளமாக ஜெபிக்க வரும், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒரு வரிக்கு மேல் வரவில்லை. "ஆண்டவரே, என்னால் முடியவில்லை. இனி நீரே பாரும்."

தோளில் ஒரு கை பட்டது. "நீதான கடையில ஸ்வெட்டர் கேட்டது? எங்கூட்ல ரெண்டு டிரங்குப் பெட்டி நெறைய கீதும்மா."

நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மா. கையில் அந்துருண்டைப் பாக்கெட். பெயர் சரோஜா. கணவர் பட்டாளத்தில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. வடக்கே மலையில் வருடக்கணக்காக இருந்தபோது, சரோஜாம்மாவும் மற்ற பட்டாளத்து வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுக்குப் பின்னிப் பின்னிக் குவித்திருக்கிறார்கள். ஆவடிக்கு வந்த பிறகு அதை யார் போடுவது? இப்போது மகனோடு நூம்பலில் சின்ன ஃபிளாட். பெட்டி வைக்க இடமில்லை, தூக்கிப் போட மனசுமில்லை. பூச்சி அரிக்காமல் அந்துருண்டை வாங்கத்தான் அந்தக் கடைக்கு வந்திருக்கிறார்.

"வாரா வாரம் கோயிலுக்குப் போயி மாங்காட்டம்மா கிட்ட கேட்டுகினே இருந்தேன், இதுக்கு ஒரு வழி காட்டுன்னு" என்றார்.

இதைச் சபையில் சொல்லலாமா என்று யோசித்தேன். நடந்ததை மறைத்தால் அது என்ன சாட்சி?

சரோஜாம்மா ஆவடியில் இருக்கும் பட்டாளத்து வீட்டுத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டார். அந்த வாரத்துக்குள் என் வீட்டு ஹால் முழுக்க ஸ்வெட்டர். ஓட்டை விழுந்ததை அவர்களே உட்கார்ந்து பின்னிக் கொடுத்தார்கள். இடம் போதாமல் வெளியே எடுத்த காட்டன் சட்டைகளை என் வீட்டுக்காரரே எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

இலங்கைப் பள்ளியில் முதல் நாள் காலை, கை நீண்ட சிவப்பு ஸ்வெட்டருக்குள் ஒரு சின்னப் பெண் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். "என்னா வாசம் டீச்சர் இது?" என்றாள். அந்துருண்டை என்றேன். கையை மடித்து விட்டதும் பென்சிலைப் பிடித்து எழுத ஆரம்பித்தாள். எனக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

என் அலுப்பு இன்னும் தீரவில்லை. முழங்காலும் வலிக்கிறது. ஆனால் தெம்பு வந்த பிறகு ஜெபிப்போம் என்று இப்போது காத்திருப்பதில்லை. நீங்களும் களைத்திருந்தால் களைத்தபடியே கேளுங்கள். நான் பஸ் ஸ்டாப்பில் அழுவதற்கு முன்பே, எனக்கான பதில் அந்துருண்டை வாங்க அதே கடையில் நின்றிருந்தது.