மூன்றே நாளில் பெட்டி கட்டிய படங்கள்

படிக்க வேண்டிய நேரத்தில் படம் பார்க்க நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் ஒன்று சொல்வேன். ஊரெல்லாம் பார்த்த படத்தைப் பார்க்காதீர்கள், ஓடாத படத்தைப் பாருங்கள். நன்றாக ஓடிய படம் ஆளை விடாது. முடிந்த பிறகும் பாட்டு வாயில் நிற்கும், சண்டை கண்ணுக்குள் நடக்கும், புத்தகம் ஏறாது. ஓடாத படம் அப்படியில்லை. இடைவேளையில் எழுந்து போகலாம், மனசு பின்னால் இழுக்காது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கம்பத்தில் ஒரு தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவள் நான். கல்யாணமான மறு வருஷம் உட்கார்ந்தேன். தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எதற்குக் கூட்டம் பாதியில் எழுந்து போனது என்பதெல்லாம் என்னைக் கேட்டால்தான் தெரியும். முதலாளியே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படப்பெட்டியைத் திருப்பி அனுப்புவார்.

இப்போது தேனியில், அல்லிநகரத்தில் சொந்த வீடு. மாடியில் கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஆண்டிபட்டி. இன்னொருத்திக்குச் சுருளிப்பட்டி, அப்பா திராட்சைத் தோட்டக்காரர். சுருளிப்பட்டிக்காரிக்குப் பரீட்சை வந்தால்தான் துணி துவைக்கத் தோன்றும், அலமாரியை அடுக்கி வைக்கத் தோன்றும். அதுவும் முடிந்துவிட்டால் என்னிடம் இறங்கி வருவாள்.

"ஆத்தா, சின்னதா ஒரு படம் சொல்லுங்க. பாத்துட்டுப் போயி படிச்சிர்றேன்."

"நேத்தும் இதத்தான சொன்ன?"

"நேத்துப் படம் மொக்க. அதான் படிப்பு வரல."

படத்தின் பேர் எனக்கு நிற்காது. கதையையும் நடித்தவர்களையும் சொன்னால் அவள் செல்போனில் தேடி எடுத்துவிடுவாள். பந்தியில் அப்பளம் பத்தாமல் போய் இரண்டு சம்பந்திகள் முறைத்துக்கொண்டு திரிகிற படம் ஒன்று. பார்த்துக்கொண்டே துணி மடிக்கலாம். ஆட்டுக்கிடாயை லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற டிரைவர் படம் ஒன்று. பாட்டே கிடையாது, சீக்கிரம் முடிந்துவிடும். பேய்ப்படம் என்று போஸ்டர் ஒட்டி, பேயே வராமல் ஜனங்கள் கோபித்துக்கொண்டு போன படமும் உண்டு. பயந்த பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. எல்லாம் மூன்றே நாளில் பெட்டி கட்டியவை.

கவுண்டர்க்காரி படம் பார்ப்பது ஒரு தினுசு. படம் போட்டு முதல் பாட்டு முடிந்த பிறகுதான் கவுண்டரை அடைத்துவிட்டு உள்ளே போக முடியும். அடுத்த காட்சிக்கு ஆள் வந்துவிடும் என்பதால் கடைசிச் சண்டைக்கு முன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். நல்ல படத்தின் முடிவை ஊரே பேசும், காதில் விழுந்துவிடும். ஓடாத படத்தின் முடிவை யார் பேசுவார்கள்? எனக்கு அவையெல்லாம் நடுப்பகுதி மட்டும்தான். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தடவை சுருளிப்பட்டிக்காரிக்கு அக்கவுண்ட்ஸ் அரியர். ஏற்கெனவே இரண்டு தடவை போன பேப்பர். இதிலும் போனால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். உத்தமபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகவும் பேச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம், முகமெல்லாம் வாடி இறங்கி வந்தாள். சிரிக்கிற படமாகச் சொல்வோம் என்று ஒன்றைச் சொன்னேன். டீச்சர் டிரெயினிங் படிக்கிற பெண் பரீட்சைக்குப் பயந்து வீட்டைவிட்டுக் கிளம்பி, பஸ் பஸ்ஸாக ஏறிச் சுற்றுகிற கதை. கண்டக்டரோடு கடலை தின்றுகொண்டு அவள் அடிக்கிற லூட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

மறுநாள் காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பரீட்சை பத்து மணிக்குத்தான். கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அவளுடைய அப்பா.

"ஆத்தா, புள்ள போன எடுக்க மாட்டேங்குது. பரீட்சைக்குக் கெளம்பிருச்சா?"

"கெளம்பிட்டா தம்பி" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

மாடிக்குப் போய் ஆண்டிபட்டிக்காரியை எழுப்பினேன். "அவ எங்க போனா?"

"தெரியல ஆத்தா. நேத்து அந்தப் படத்தக் கடைசி வரைக்கும் பாத்தா. பாத்துட்டு அழுதா. அப்புறம் பேசவே இல்ல."

"கடைசில என்ன வருது?"

"நீங்கதான சொன்னீக அந்தப் படத்த?"

"என்ன வருதுன்னு கேட்டா அதச் சொல்லு. இல்லாட்டிப் போட்டுக் காட்டு."

அவள் தன் செல்போனில் அந்தப் படத்தைத் தேடி, கடைசியைப் போட்டாள். நின்றபடியே பார்த்தோம். அந்தப் பெண் வெளியூர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பா பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாகச் சன்னல் சன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறார். அவளுடைய பஸ்ஸை எட்டுவதற்கு முன்னால் அது கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான் படம். சிரிப்புப் படம் என்று இதையா கொடுத்தேன்?

ஆட்டோ பிடித்து, புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழியெல்லாம் எதிரே வருகிற பஸ்களின் சன்னலைத்தான் பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாப் பிள்ளைகளும் அவளாகவே தெரிந்தார்கள்.

திருப்பூர் பஸ் நிற்கிற இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"இங்கன என்ன செய்ற?"

"சும்மா."

"சும்மா ஒக்கார பஸ் ஸ்டாண்டுதான் கெடச்சுச்சா? மாடியில எடமில்லையா?"

"கூடப் படிச்சவ திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா. வாடின்னு சொன்னா."

"ஏறிருக்க வேண்டியதுதான?"

"ரெண்டு பஸ் போயிருச்சு. ஏறப் போனா கால் வரல ஆத்தா. எங்கப்பா கண்ணாடி இல்லாம பஸ் போர்டுகூடப் படிக்க மாட்டாரு. வந்தா எந்த பஸ்ஸுல தேடுவாரு?"

எனக்குப் புத்திமதி சொல்ல வராது. சொல்லி யார் கேட்டார்கள்? உள்ளதைச் சொன்னேன்.

"ஒங்கப்பா போன் போட்டாரு. நீ பரீட்சைக்குக் கெளம்பிட்டன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குச் சொன்னீக?"

"சொல்லியாச்சு. இந்த வயசுக்கு, பொய் சொன்னவளுன்னு ஒருத்தன் என்னப் பேசுனதில்ல. நீ போயி ஒக்காந்தா அது பொய்யாகாது. எழுதுறதும் எழுதாததும் ஒன் பாடு."

என் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்காக இல்ல, ஒங்க பேருக்காக நான் போகணும்?"

"ஆமா. எனக்கு என் பேரு முக்கியம்."

அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காத்து நின்ற அதே ஆட்டோதான். மணி அடிப்பதற்குள் கல்லூரிக்குள் போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே ஒன்றிரண்டு பிள்ளைகள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கேட் திறக்கிற ஒவ்வொரு தடவையும் டீ கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவள் வரவில்லையே என்பது சந்தோஷம். உள்ளே எழுதாமல் அழுதுகொண்டிருக்கிறாளோ என்பது பயம். கடைசிக் கூட்டத்தோடுதான் வந்தாள்.

"எழுதுனியா?"

"பாதி தெரிஞ்சது. பாதி என்னமோ எழுதுனேன்."

அப்போது என் போன் அடித்தது. மறுபடி அவளுடைய அப்பா. "எப்படி எழுதுச்சாம் ஆத்தா?" என்றார். "அவளே சொல்லுவா, கேளுங்க" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

"பாதிதாம்ப்பா எழுதுனேன்" என்றாள். "பாஸாவேனான்னு தெரியல."

அவள் நகத்தைக் கடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"சரி. ஞாயித்துக்கெழம நீ ஊருக்கு வர வேணாம். ரிசல்ட் வரட்டும்னு உத்தமபாளையத்துக்காரகள்ட்டச் சொல்லிர்றேன்."

ரிசல்ட் இன்னும் வரவில்லை.