தத்தி தூக்கிய மதுக்குடம்

போன மாதம் ஒரு காலை. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. என் மகள் யாழினி — நாலாவது படிக்கிறாள் — டிபன் பாக்ஸை எடுக்கப் போய், தண்ணீர் பாட்டிலைத் தட்டி, அது சாம்பார் கிண்ணத்தில் விழுந்து, சாம்பார் யூனிஃபார்மில்...

"தத்தி!" என்றேன்.

துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நேத்து ஓட்டக்கைன்னியே. இன்னைக்கு மாத்திட்டியா?"

வேன் போன பிறகு யோசித்தேன். எத்தனை வார்த்தைகள் வைத்திருக்கிறோம்! கண் வேறெங்கோ இருந்தால் பராக்கு. ஆளே மெதுவாக இருந்தால் அசமந்தம். நடை சரியில்லையா, தத்தக்கா பித்தக்கா. எதிலும் சேராவிட்டால் இருக்கவே இருக்கிறது — கூறுகெட்டவ. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஒருநாள் கத்தினேன். பின்கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லையே" என்றாள்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? விருந்தாளி கண்ணாடி டம்ளரை உடைத்தால், "பரவாயில்லைங்க, கை தவறிடுச்சு" என்போம். பழி கையோடு போச்சு. வீட்டுக்காரர் உடைத்தால், "பாவம், டயர்டு." மாமியார் உடைத்தால், "திருஷ்டி கழிஞ்சுச்சு." பிள்ளை உடைத்தால் மட்டும் கையும் இல்லை, டயர்டும் இல்லை, திருஷ்டியும் இல்லை. பிள்ளையே தத்தி!

சொன்னால் உறைக்கும், திருந்துவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அல்லது என் டென்ஷன் குறைவதற்காகச் சொன்னேனோ? இன்னும் தெரியவில்லை.

அந்த வாரமே என் நாத்தனார் போன் செய்தார். வீட்டுக்காரரின் சொந்த ஊர் ஆலங்குடிக்கு அந்தப் பக்கம். அங்கே மது எடுப்புத் திருவிழா. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: இந்த மது குடிக்கிற மது இல்லை. குடத்தில் நெல் நிரப்பி, மேலே தென்னம்பாளை வைத்து, பெண்கள் தலையில் சுமந்து, குலவை போட்டபடி ஊர்வலமாகக் கோயிலுக்குப் போவார்கள். எங்கள் ஊரில் வழியில் குடத்தைத் தரையில் இறக்கக் கூடாது.

"பாப்பாவுக்குச் சின்னக் குடம் ஒன்னு வெளக்கி வச்சிருக்கேன். பாவாடை தச்சாச்சா?" என்றார் நாத்தனார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"நான் எடுக்கல அத்தை," என்றாள் யாழினி. "நான் தத்தி. கீழ போட்டுருவேன்."

அழுகை இல்லை, கோபம் இல்லை. பேர் கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

நான் வைத்த பேர்; கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. ஊர் முன்னால் போட்டுவிட்டால்? சாமி குத்தம் என்று யாராவது ஆரம்பித்தால்? எடுக்காமல் இருப்பதே நல்லதோ? சரி, இன்றைக்குக் குடம் வேண்டாம் என்பவள், நாளைக்கு சைக்கிள் வேண்டாம், மேடை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால்?

நாத்தனாருக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. "விடு ஆத்தா. ஒன் குடத்தையும் சேத்து தர்ஷினியே எடுக்கட்டும்."

தர்ஷினி அவருடைய மகள். யாழினியைவிடச் சின்னவள்!

"ஒன்னும் வேணாம். என் குடத்த நானே எடுப்பேன்."

அன்றிலிருந்து ஹாலில் பிராக்டிஸ். தலையில் சும்மாடாகச் சுருட்டிய துண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் குடம், உள்ளே தண்ணீர். 'டமால்' கேட்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை தொண்டை வரை வரும். விழுங்கிவிட்டு அடுப்பைத் துடைப்பேன். இப்போது எங்கள் அடுப்பைப் பார்த்தால் கடையில் வாங்கி வந்தது போல இருக்கிறது.

திருவிழா வந்தது. கொட்டுச் சத்தம், குலவை, பட்டுப்புடவை வரிசை. நடுவில் யாழினி, நான் ஓரமாகக் கூடவே. கோயில் தெரு திரும்பும்போது சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள, நடுவுல ஏன் நிக்கிற? நட நட!" என்றார் பின்னால் வந்தவர்.

அவள் அசையவில்லை. "சும்மாடு நழுவுது. யாராச்சும் குடத்தப் புடிங்க."

ஓடிப்போய் வாங்கினேன். தலையில் இருந்த துண்டை எடுத்தாள். உதறினாள். நிதானமாகச் சுருட்டினாள். எனக்கோ வியர்க்கிறது. ஊரையே நிறுத்தி வைத்திருக்கிறோமே! 'போதும்டி' என்று சொல்லவா, வேண்டாமா?

"வெரசா கட்டு ஆத்தா!" என்றார் பின்னால் நின்றவர்.

"இருங்கக்கா. சரியாக் கட்டணும்ல?"

சும்மாட்டைத் தலையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "ம்... வை" என்றாள்.

அப்போது முன்னால் நின்ற தர்ஷினி மெல்லத் திரும்பினாள். "எனக்கும் நழுவுதுடி. சொல்ல வெக்கமா இருந்துச்சு." உடனே பின்னால் இருந்து, இவ்வளவு நேரம் 'நட நட' என்ற அதே குரல்: "இந்தாங்க, எனக்கும் சித்த புடிங்களேன்... லேசாச் சாயுது."

பாதி வரிசை சும்மாட்டைச் சரிசெய்துகொண்டுதான் கிளம்பியது. யாழினி கோயில் வாசலில் குடத்தைச் சாய்த்தபோது, வீட்டிலிருந்து கிளம்பிய நெல் அப்படியே இருந்தது. "யாரு வீட்டுப் புள்ள?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது நாத்தனாரிடம்தான். பதில் சொன்னது நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நழுவுதுன்னு எப்படிடி தெரிஞ்சுச்சு?"

முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "விழப் போறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி லேசா இருக்கும்மா. எனக்குத் தெரியாதா? எத்தனை போட்டிருக்கேன்!"

பெருமையில் வாயடைத்துப் போனேன் என்று எழுதத்தான் ஆசை... ஆனால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரும்வரை பக்கத்து சீட்டு அக்காவை நான் தூங்கவே விடவில்லை!